கப்பல் காத்திருக்காது: பொறுப்பை யார் ஏற்பது?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடும் டிசம்பர் கடைசி வாரத்தில், சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பறக்கும் குடும்பங்களில் பலர் இப்போது அந்த ஊரோடு நிற்பதில்லை. அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் சில இரவுகள் தங்கிவிட்டு வருகிறார்கள். தாத்தா, பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே கப்பலில் சேர்ந்து போகலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஹோட்டல் மாற வேண்டியதில்லை. வயதானவர்களை அழைத்துச் செல்ல இதைவிட வசதியான வழி குறைவு.

கேபின் பதிவானதும் வீட்டில் ஒரு விவாதம் தொடங்கும். விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் நாமே போட்டுக்கொள்வதா, கப்பல் நிறுவனத்திடமோ டிராவல்ஸ்காரரிடமோ எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிடுவதா? இந்த விவாதம் பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. விலை முக்கியம்தான். ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. விமானம் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால் பொறுப்பு யாருடையது? அதற்கு எழுத்தில் பதில் இருக்கிறதா? பயணிகள் இதைக் கேட்கப் பழக வேண்டும். பதில் சொல்லும் கடமையை நம் சட்டம் விற்பவர் மீது சுமத்த வேண்டும்.

கப்பலின் நேரக் கணக்கு

ரயிலையோ பேருந்தையோ விட்டால் அடுத்ததில் போகலாம். கப்பல் சுற்றுலாவில் அடுத்த கப்பல் என்று ஒன்று இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பதிவை மூடிவிடுகின்றன. அதன் பிறகு வருபவரை, வராதவர் என்றே ஒப்பந்தம் கருதுகிறது. கட்டணம் திரும்பாது.

இதைக் கல்நெஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம் மணிக்கணக்கில் ஒதுக்கப்படுகிறது. கப்பலை வெளியே கொண்டுசெல்லும் பைலட்டுக்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். பல துறைமுகங்களில் ஓதம் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். தாமதமாகப் புறப்பட்டால் அடுத்த துறைமுகத்தில் குறித்த நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்ட வேண்டும். எரிபொருள் செலவு எகிறும். சிங்கப்பூரிலிருந்து இயங்கியிருக்கும் ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்’ போன்ற கப்பலில் 4,000 பேருக்கு மேல் பயணம் செய்கிறார்கள். ஒரு விமானத்தில் சிக்கிய பத்துப் பேருக்காக அத்தனை பேரின் பயணத்தையும் நிறுத்திவைக்க எந்த கேப்டனும் எளிதில் சம்மதிப்பதில்லை.

2024 மார்ச்சில் நடந்த ஒரு சம்பவம் உலகம் முழுவதும் செய்தியானது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ டோமே தீவில் ‘நார்வீஜியன் டான்’ கப்பலிலிருந்து இறங்கி, தனியார் சுற்றுலா ஒன்றில் சென்ற எட்டுப் பயணிகள் திரும்பி வரத் தாமதமானது. கப்பல் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் நங்கூரமிட்டிருந்தது. ஆனாலும் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு நாடாகக் கப்பலைத் துரத்திச் சென்றவர்கள் கடைசியில் செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் அதைப் பிடித்தார்கள்.

அந்தச் சம்பவத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் இது: கப்பல் நிறுவனத்திடமே வாங்கினால் கப்பல் நமக்காகக் காத்திருக்கும். துறைமுகத்தில் இறங்கிப் பார்க்கும் உள்ளூர்ச் சுற்றுலாவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. நிறுவனமே நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் நிற்கும், அல்லது பயணிகளை அடுத்த துறைமுகத்துக்கு நிறுவனம் தன் செலவில் கொண்டுசேர்க்கும். விமானத்துக்கு இந்த விதி பொருந்தாது. நிறுவனம் வழியாக டிக்கெட் எடுத்திருந்தாலும் உங்கள் விமானத்துக்காகக் கப்பல் காத்திருக்கும் என்ற உறுதி கிடையாது. கூடுதல் பணம் கொடுக்கும் பலர் இல்லாத ஒரு வாக்குறுதியை நம்பித்தான் கொடுக்கிறார்கள்.

நிறுவனம் உண்மையில் தருவது என்ன?

ராயல் கரீபியன், பிரின்சஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் விமான டிக்கெட்டுக்கென்றே தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. முன்னதன் திட்டம் ‘ஏர்-டு-சீ’. பின்னதன் திட்டம் ‘ஈஸிஏர்’. இவற்றின் பயன் உண்மையானது. ஆனால் எல்லைக்கு உட்பட்டது. கப்பல் புறப்படும் நேரத்துக்கு ஒத்துவராத விமானத்தை அவர்கள் பொதுவாக விற்பதில்லை. பயணிகளின் விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்காணிக்கிறார்கள். விமானம் ரத்தானால் மாற்று விமானம் தேட இரவு பகலாக ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியும் கப்பல் தவறினால், அடுத்த துறைமுகத்தில் ஏறுவதற்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

இந்த உதவியின் அருமை நெருக்கடி நாளில்தான் தெரியும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் மென்பொருள் பிழையால் உலகெங்கும் விமான நிலையக் கணினிகள் முடங்கின. டெல்டா நிறுவனம் மட்டும் அடுத்தடுத்த நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. அத்தகைய நாளில் விமான நிலையத்தின் நீண்ட வரிசையில் நின்று தானாக வழி தேடுபவருக்கும், தனக்காக வழி தேட இன்னொருவர் அமர்ந்திருக்கும் பயணிக்கும் நிச்சயம் வித்தியாசம் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படி வாங்கும் டிக்கெட் பெரும்பாலும் நிறுவனத்தின் ஒப்பந்தக் கட்டணத்தில் வருவது. விமானம் எது, எங்கே மாறி ஏறுவது, எந்த இருக்கை என்பதிலெல்லாம் உங்கள் விருப்பத்துக்கு இடம் குறையும். தேதியை மாற்ற விமான நிறுவனத்தைக் கேட்டால், டிக்கெட் கொடுத்தவரிடமே கேளுங்கள் என்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. ‘விமான நிறுவனம் தனி நிறுவனம். நாங்கள் இடைத்தரகர் மட்டுமே. விமான நிறுவனத்தின் தவறுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலான கப்பல் ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஆகவே, நீங்கள் விலை கொடுத்து வாங்குவது உதவியை மட்டும்தான். இழப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது.

நாமே டிக்கெட் போடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. சாதாரணமாகக் கப்பல் நிறுவனம் தன் பயணத்தை ரத்து செய்தால் கப்பல் கட்டணத்தைத் திருப்பித் தரும். நாம் தனியாக எடுத்த விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் முழுமையாக ஈடுசெய்ய அதற்குக் கட்டாயம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து 2025 டிசம்பர் 15 அன்று முதல் பயணம் புறப்படுவதாக அறிவிக்கப்பட்டிருந்த ‘டிஸ்னி அட்வென்ச்சர்’, கப்பல் கட்டும் தளத்தில் ஏற்பட்ட தாமதத்தால் 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. விடுமுறைக் காலத்து உச்சக் கட்டணத்தில் டிசம்பருக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். புதிய கப்பலின் முதல் சில பயணங்களுக்குப் போகிறவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டையே எடுக்க வேண்டும்.

ஒரு நாள் முன்னதாக

பயணியின் கையில் இருக்கும் மிகச் சிறந்த பாதுகாப்பு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்வதுதான். அதற்கு ஆகும் செலவு ஓர் இரவு ஹோட்டல் வாடகை. நள்ளிரவில் சென்னையில் ஏறி, காலையில் சிங்கப்பூரில் இறங்கி, மதியமே கப்பலில் ஏறிவிடலாம் என்ற கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால், தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் கிளம்பும் காலம் நமக்குப் புயல் காலம். மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டு மறுநாள் காலையில்தான் திறந்தது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் 30 அன்று மூடிய நிலையம் டிசம்பர் 1 அதிகாலையில் திறந்தது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதற்கு இண்டிகோ தயாராகாததால் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளாக இதே காலத்தில் இடையூறு வந்திருக்கிறது. இனியும் இதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது.

ஹோட்டலை யாரிடம் வாங்குவது என்பது ஊரைப் பொறுத்தது. கப்பல் நிறுவனங்கள் ஹோட்டல் கட்டணத்தைப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று சொல்கின்றன. ஹோட்டல்கள் அறைக்கு இவ்வளவு என்கின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த வித்தியாசமே பெரிய தொகையாகிவிடும். சிங்கப்பூரில் ஹோட்டலைக் கப்பல் நிறுவனத்திடம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மரினா பே கப்பல் நிலையத்துக்கு மரினா சவுத் பியர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இன்னொரு கப்பல் நிலையம் ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் நம் கைக்கு அடக்கமான அறையில் தங்கி, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு டாக்ஸி பிடித்தால் போதும்.

எல்லா ஊரும் சிங்கப்பூர் ஆகாது. விளம்பரத்தில் இருக்கும் ஊரிலிருந்துதான் கப்பல் கிளம்பும் என்று நம்பிவிடக் கூடாது. ரோம் என்று விற்கப்படும் பயணம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிட்டாவெக்கியாவிலிருந்து கிளம்புகிறது. பாங்காக் என்றால் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள லெம் சபாங். லண்டன் என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். பாரீஸ் என்றால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லே ஹாவர். வெனிஸ் நகரின் கதை இன்னும் சிக்கலானது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்நகரின் மையக் கால்வாய் வழியாகச் செல்ல 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலி அரசு தடைவிதித்தது. அதன் பிறகு, வெனிஸ் பெயரில் விற்கப்படும் பயணங்கள் பல, வெகுதொலைவில் உள்ள ரவென்னாவிலிருந்தும் திரியெஸ்தேயிலிருந்தும் கிளம்புகின்றன. வெனிஸில் அழகான ஹோட்டலைத் தானே பதிவுசெய்துவிட்டு, கப்பல் இருப்பது வேறு ஊரில் என்பதைக் கடைசியில் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் ஹோட்டலும் துறைமுகம்வரை வண்டியும் சேர்த்துத் தரும் நிறுவனத்தின் ஏற்பாடு, கொடுக்கும் விலைக்குத் தகுதியானது.

நம் பாஸ்போர்ட்டின் தனிக் கணக்கு

மேலைநாட்டுப் பயணிக்கு இல்லாத கவலை ஒன்று இந்தியப் பயணிக்கு உண்டு. கப்பலைத் தவறவிட்டவரை அடுத்த துறைமுகத்தில் ஏற்றிவிடுவோம் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த நாட்டில் விமானத்தில் போய் இறங்க நம்மிடம் விசா இருக்கிறதா? பினாங்கு, புக்கெட் என்றால் மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு 2023-ல் விசா இல்லாத அனுமதி வழங்கத் தொடங்கின; அது நடப்பில் இருந்தால் சமாளிக்கலாம். இந்தச் சலுகைகள் அவ்வப்போது மாறுபவை என்பதால் புறப்படும்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிச் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணத்துக்குப் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா தேவை. ஐரோப்பாவில் கிளம்பி துருக்கியைத் தொட்டுத் திரும்பும் கப்பலுக்கும் அப்படித்தான்; ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா போதாது.

சியாட்டிலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து வரும் பெற்றோரை அலாஸ்கா கப்பலுக்கு அழைத்துச் செல்வது இப்போது வழக்கமாகிவருகிறது. அந்தக் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்பதால், அமெரிக்க விசாவோடு கனடா விசாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு தடையும் உண்டு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்குவதை அந்நாட்டின் 1886-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால்தான் விலக்கு. விக்டோரியா அந்தக் கணக்கில் வராது. சியாட்டிலில் கப்பலை விட்டவர் அலாஸ்காவின் கெச்சிக்கனில் ஏறி சியாட்டிலில் இறங்குவது பொதுவாக முடியாது. நிறுவனம் மனம்வைத்தாலும் சட்டம் விடாது. இங்கே முன்னதாகப் போவது ஒன்றே வழி.

இந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் முடிவு கடினமில்லை. ஒரே நேரடி விமானத்தில் போய்விடக்கூடிய சிங்கப்பூருக்கு நாமே டிக்கெட் எடுத்து, ஒரு நாள் முன்னதாகப் போய், பயணக் காப்பீட்டில் கப்பல் தவறினால் இழப்பீடு உண்டா என்று படித்துப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு, மூன்று விமானம் மாறி, துறைமுகம் வேறு ஊரில் இருக்கும் ஐரோப்பா, தென்னமெரிக்கா போன்ற இடங்களுக்கு நிறுவனத்தின் ஏற்பாட்டை விலைகொடுத்து வாங்கலாம். எந்த வழியானாலும் இணைப்பு விமானங்கள் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டவருக்கு விமான நிறுவனம் பதில் சொல்லாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இதுவரை சொன்னது பயணியின் கவனத்தைப் பற்றியது. ஆனால், பயணியின் கவனத்தை மட்டும் நம்பி ஒரு தொழில் வளரக் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் கப்பல் நிறுவனத்திடம் நேரடியாக வாங்குவதில்லை. உள்ளூர் டிராவல்ஸ் நிறுவனம் கப்பல், விமானம், ஹோட்டல், விசா எல்லாம் சேர்த்து ஒரே தொகையில் கொடுக்கும் பேக்கேஜையே வாங்குகின்றன. விமானம் தாமதமானால் டிராவல்ஸ்காரர் விமான நிறுவனத்தைக் கைகாட்டுவார். விமான நிறுவனம் வானிலையைக் கைகாட்டும். கப்பல் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டும்.

ஐரோப்பாவில் இப்படிக் கைகாட்ட முடியாது. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படி, இரண்டு சேவைகளைச் சேர்த்து விற்பவரே முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. அவர் நொடித்துப்போனாலும் பயணியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். பிரிட்டனில் 1973 முதல் ‘அட்டால்’ என்ற பாதுகாப்பு முறை இயங்குகிறது. 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தபோது சுமார் ஒன்றரை லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அரசு அமைப்பு அவர்களை விமானம் அனுப்பி அழைத்துவந்தது. பேக்கேஜ் வாங்கி, பயணத்தைத் தொடங்காதவர்களுக்குப் பணம் திரும்பியது.

இங்கே 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்டும் நின்றுபோனபோது என்ன நடந்தது என்பதை டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் வரவேண்டியவர்களின் நீண்ட வரிசையில் அவர்களும் சேர்ந்தார்கள். விமானம் ரத்தானால் இழப்பீடு தர விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. அதிகபட்சம் 10,000 ரூபாய். வானிலை போன்ற காரணங்களுக்கு அதுவும் கிடையாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கு நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்கிறது. இது நல்ல ஏற்பாடு. எல்லோரும் பயன்படுத்த வேண்டியது. ஆனால், சேர்த்து விற்றவர் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லாததால், ஒவ்வொரு பயணியும் அதைத் தனித்தனியாக வாதாடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பேக்கேஜ் என்றால் என்ன என்று வரையறுப்பது கடினம் என்று அரசு சொல்ல முடியாது. வருமான வரித் துறை ஏற்கெனவே வரையறுத்துவிட்டது. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் வாங்குபவரிடம் முன்கூட்டியே வரி பிடிக்க வேண்டும். 2023 அக்டோபரில் அது 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதமாகவும், அதற்கு மேல் 20 சதவீதமாகவும் இருந்தது. பிறகு வந்த பட்ஜெட்டுகளில் தளர்த்தப்பட்டது. எது பேக்கேஜ் என்பதை 2023 ஜூன் 30 தேதியிட்ட சுற்றறிக்கை தெளிவாக்கியது. விமான டிக்கெட், தங்குமிடம், இவை போன்ற பிற செலவுகள் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால் அது பேக்கேஜ். வெறும் டிக்கெட்டோ வெறும் ஹோட்டலோ பேக்கேஜ் ஆகாது. ஐரோப்பியச் சட்டம் பொறுப்பைச் சுமத்தப் பயன்படுத்தும் அதே அளவுகோலை, நம் அரசு வரி பிடிப்பதற்குப் பயன்படுத்துகிறது. வரி பிடிக்கும்போது மூன்றையும் ஒரே பொருளாகப் பார்க்கும் அரசு, விமானம் ரத்தாகிக் குடும்பம் தவிக்கும்போது மட்டும் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நியாயமில்லை.

கப்பல் சுற்றுலாவைப் பெருக்க அரசே முனைந்திருக்கும் நேரம் இது. 2024 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ திட்டம், 2029-க்குள் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க நினைக்கிறது. சென்னையிலிருந்து 2022-ல் சொகுசுக் கப்பல் கிளம்பியது; 2023-ல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. சென்னைத் துறைமுகத்துக்கு விமானத்தில் வந்து கப்பல் ஏறும் வெளியூர்ப் பயணிகளும் இனி பெருகுவார்கள். முனையங்கள் கட்டுவதோடு பயணியின் உரிமையையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. வருமான வரித் துறையின் வரையறைக்குள் வரும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் விற்பவரே முழுப் பொறுப்பு என்று நுகர்வோர் சட்டத்தில் சேர்க்க வேண்டும். முன்பணம் வாங்குபவர்கள், நொடித்துப்போனால் அதைத் திருப்பித் தருவதற்கான காப்பீடோ வங்கி உத்தரவாதமோ வைத்திருக்க வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் யார் என்ன செய்வார்கள், எவ்வளவு பணம் திரும்பும் என்பதை ஒரே பக்கத்தில், தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் எழுதி, பணம் வாங்கும் முன்பே கொடுக்க வேண்டும். அதுவரை அந்த ஒரு பக்கத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதை எழுதிக்கொடுக்க மறுப்பவரிடம் பேக்கேஜ் வாங்காதீர்கள்; டிக்கெட்டையும் ஹோட்டலையும் நீங்களே போட்டுக்கொண்டு, ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள்.